சந்தா கட்டி வாங்கும் அந்தரங்கம்

இணையத்தில் காணொளி பார்ப்போர், செய்தி படிப்போர் யாராயினும் விபிஎன் சேவைகளின் விளம்பரங்களைக் காணாதிருத்தல் அரிது. மாதந்தோறும் ஒரு சிறு தொகை கட்டினால் போதும், நம் இணையப் பயன்பாட்டை எவரும் பார்க்க இயலாது, வங்கிக் கணக்கும் திருடர் கைக்கு எட்டாது என்னும் பொருள்பட அவை பேசுகின்றன. இவ்விளம்பரங்களைக் கண்ட வாடிக்கையாளர்கள், இணையவழி வங்கிச்சேவைக்கு இத்தகைய சேவை தேவைதானா என்று நம் கிளைகளில் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. கட்டணம் செலுத்தி வாங்கும் விபிஎன் எவ்வளவு நம்பத்தக்கது, எதைக் காக்கிறது, எதைக் காப்பதில்லை, நம் நாட்டுச் சட்டம் அதுபற்றி என்ன சொல்கிறது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

இங்கே சில நிறுவனங்களின் பெயர்கள் வருகின்றன. அவை பொதுவெளியில் பதிவான நிகழ்வுகளை விளக்குவதற்காக மட்டுமே தரப்படுகின்றன. எந்தச் சேவையையும் பரிந்துரைப்பது நம் நோக்கமன்று.

உறைக்குள் ஓர் உறை

விபிஎன் என்பது ‘வர்ச்சுவல் பிரைவேட் நெட்வொர்க்’ என்பதன் சுருக்கம். மெய்நிகர் தனியார் வலையமைப்பு எனத் தமிழில் வழங்குகிறோம். அதன் செயல்பாட்டை அஞ்சல் துறையின் துணைகொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

குறியாக்கம் இல்லாத பழைய இணையத்தளம் ஒன்றுக்கு நாம் அனுப்பும் செய்தி, அஞ்சல் அட்டையைப் போன்றது. வழியில் கையாளும் எவரும் அதைப் படிக்கலாம். இன்று வங்கித்தளங்கள் உட்படப் பெரும்பாலான தளங்கள் ‘எச்டிடிபிஎஸ்’ என்னும் குறியாக்க முறையில் இயங்குகின்றன. இது ஒட்டிய உறையில் வைத்த கடிதம். நமக்கு இணைய இணைப்பு வழங்கும் நிறுவனமோ, தேநீர்க் கடையின் வைஃபையை நடத்துபவரோ உறையின் மேலுள்ள முகவரியை மட்டும் பெரும்பாலும் அறியலாம். உள்ளிருக்கும் கடவுச்சொல்லையோ கணக்கு இருப்பையோ அறிய இயலாது.

விபிஎன் செய்வது, அந்த உறையை இன்னொரு பெரிய உறைக்குள் இட்டு, மேலே விபிஎன் நிறுவனத்தின் முகவரியை எழுதுவது. இணைய இணைப்பு வழங்குபவருக்கு அந்நிறுவனத்தின் முகவரி மட்டுமே தெரியும். நிறுவனம் வெளி உறையைப் பிரித்து, உள் உறையைத் தன் பெயரில் உரிய இடத்துக்கு அனுப்புகிறது. ஆகவே பெறுபவருக்கும் நம் உண்மையான ஐ.பி. முகவரி தெரிவதில்லை.

இதன் பயன் மெய்யானது. ஒருவர் எந்த மருத்துவத் தளத்தைப் பார்க்கிறார், எந்தச் செய்தித்தாளைப் படிக்கிறார் என்பது அவருடைய இணைப்பு நிறுவனத்துக்கோ, விடுதியின் வைஃபை நிர்வாகிக்கோ தெரிய வேண்டியதில்லை. ஆனால் வெளி உறையைப் பிரிக்கும் நிறுவனத்துக்கு இவையெல்லாம் தெரியவரும் என்பதை மறத்தலாகாது. இணைப்பு நிறுவனத்தின் மீது வைத்திருந்த நம்பிக்கையை எடுத்து, விபிஎன் நிறுவனத்தின் மீது வைக்கிறோம். நம்பிக்கை இடம் மாறுகிறதேயன்றி, நம்பிக்கையே தேவையில்லை என்றாகிவிடுவதில்லை. ஆதலால், கட்டண விபிஎன் வாங்குபவர் கேட்க வேண்டிய முதற்கேள்வி, அதன் குறியாக்கம் எவ்வளவு வலியது என்பதன்று. அந்த நிறுவனம் யாருடையது, எந்நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது, இதுவரை எவ்வாறு நடந்துகொண்டது என்பதே.

இலவசத்தின் விலை

இலவச விபிஎன் சேவைகளைப் பற்றி ஒரு சொல் கூறியாக வேண்டும். சர்வர்களுக்கும் அலைவரிசைக்கும் பணம் தேவை. பயனாளர் தராவிடில் வேறொருவர் தர வேண்டும். ஃபேஸ்புக் நிறுவனம் 2013ஆம் ஆண்டில் வாங்கிய ‘ஓனாவோ’ இதற்குத் தக்க சான்று. பயனாளரின் தரவைக் காக்கும் இலவசச் செயலி என்று அது முன்வைக்கப்பட்டது. ஆனால் எந்தெந்தச் செயலிகளை மக்கள் எவ்வளவு நேரம் பயன்படுத்துகின்றனர் என்பதை அறியும் வணிக ஆய்வுக் கருவியாகவும் அது பயன்பட்டது. 2018இல் ஆப்பிள் நிறுவனத்தின் செயலிக் கடையிலிருந்து அது நீங்கியது. 2019இல் முற்றிலும் மூடப்பட்டது. 2023ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம், இச்செயலி தொடர்பாகப் பயனாளரைத் தவறாக வழிநடத்தியமைக்காக மெட்டா குழும நிறுவனங்கள் இரண்டுக்கு மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

2020ஆம் ஆண்டு ஜூலையில், ஹாங்காங்கைச் சார்ந்த ஏழு விபிஎன் செயலிகளின் தரவுத்தளம் பாதுகாப்பின்றித் திறந்து கிடந்ததை ஆய்வாளர்கள் கண்டனர். எவ்விதப் பதிவும் வைப்பதில்லை என்று அச்செயலிகள் அறிவித்திருந்தன. ஆயினும் 1.2 டெராபைட் அளவுள்ள அத்தரவில் பயனாளரின் ஐ.பி. முகவரிகளும் இணையப் பயன்பாட்டுப் பதிவுகளும் கடவுச்சொற்களுமே இருந்தன. கட்டணச் சேவைகள் இவ்வகையில் மேலானவையாக இருக்க வாய்ப்புண்டு, ஏனெனில் அவற்றின் வருவாய் சந்தாவிலிருந்து வருகிறது. எனினும் கட்டணம் என்பது நேர்மைக்கான சான்றிதழ் அன்று.

சோதனை வந்த நாளில்

கட்டணச் சேவைகள் அனைத்தும் உரக்கக் கூறும் வாக்குறுதி, பயனாளரின் பதிவுகளைச் சேமிப்பதில்லை என்பது. காவல்துறையோ நீதிமன்றமோ கதவைத் தட்டும் நாளில்தான் அதன் உண்மை வெளிப்படுகிறது. அத்தகைய சில நாள்கள் பொதுப்பதிவில் உள்ளன.

2016 டிசம்பரில் துருக்கியின் தலைநகர் அங்காராவில் ரஷ்யத் தூதர் சுட்டுக்கொல்லப்பட்டார். கொலையாளியின் இணையக் கணக்குகளை யாரோ பின்னர் அழித்தனர். அச்செயல் எக்ஸ்பிரஸ் விபிஎன் சேவை வழியே நடந்ததாகக் கருதிய புலனாய்வாளர்கள், துருக்கியில் இருந்த அந்நிறுவனத்தின் சர்வர் ஒன்றைக் கைப்பற்றினர். அதில் பயனாளரை அடையாளங்காட்டும் பதிவு எதுவும் கிடைக்கவில்லை. ஸ்வீடனில் 2023 ஏப்ரல் 18 அன்று, காவல்துறையினர் சோதனை ஆணையுடன் முல்வாட் நிறுவனத்தின் கோத்தன்பர்க் அலுவலகத்துக்குச் சென்றனர். தேடிய வாடிக்கையாளர் தரவு தங்களிடம் இல்லவே இல்லை என்பதை நிறுவனத்தினர் விளக்கியபின் வெறுங்கையுடன் திரும்பினர்.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு பெண்ணை இணையவழியே தொடர்ந்து துன்புறுத்தியவர் 2017இல் கைதானார். வழக்கின் ஆவணத்தின்படி, குற்றவாளி பயன்படுத்திய கணக்கில் அவரது வீட்டிலிருந்தும் பணியிடத்திலிருந்தும் இணைப்பு ஏற்பட்டதைப் பியூர் விபிஎன் நிறுவனத்தின் பதிவுகள் காட்டின. பதிவு வைப்பதில்லை என்பது அந்நிறுவனத்தின் விளம்பர வாசகமாய் இருந்தது. ஐபிவானிஷ் நிறுவனமும் அவ்வாறே கூறிவந்தது. 2016இல் அது ஒரு பயனாளரின் விவரங்களை அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கு அளித்தது 2018இல் தெரியவந்தது.

குற்றவாளிகள் பிடிபட்டது நன்றே. இங்கே நாம் கவனிக்க வேண்டியது வேறு. ‘பதிவில்லை’ என்னும் ஒரே சொற்றொடரின் கீழ், உண்மையிலேயே எதுவும் வைக்காத நிறுவனமும், இணைந்த நேரத்தையும் ஐ.பி. முகவரியையும் வைத்திருக்கும் நிறுவனமும் ஒன்றாகவே நின்றிருக்கின்றன. வாடிக்கையாளர் இவற்றை வெளியிலிருந்து வேறுபடுத்திக் காண இயலாது.

ஆகவே பல நிறுவனங்கள் வெளித் தணிக்கையாளரை அமர்த்தித் தம் சர்வர்களை ஆய்வு செய்விக்கின்றன. இது வரவேற்கத்தக்கது. ஆயினும் தணிக்கை அறிக்கையின் எல்லையை வங்கித்துறையினராகிய நாங்கள் நன்கறிவோம். ஆய்ந்த நாளில், காட்டப்பட்ட அமைப்பில் இருந்த நிலையையே அது கூறும். அடுத்த ஆண்டு நிறுவனம் கைமாறலாம். எக்ஸ்பிரஸ் விபிஎன் நிறுவனத்தையே 2021இல் கேப் டெக்னாலஜிஸ் என்னும் நிறுவனம் ஏறத்தாழ 94 கோடி டாலருக்கு வாங்கியது. அன்று சந்தாவில் இருந்த பயனாளரின் நம்பிக்கையும் அந்த விற்பனையோடு சேர்ந்தே கைமாறியது.

தொழில்நுட்பக் குறைபாடுகளும் இல்லாமலில்லை. நார்டு விபிஎன் நிறுவனம் பின்லாந்தில் வாடகைக்கு எடுத்திருந்த சர்வர் ஒன்றில் 2018 மார்ச்சில் அந்நியர் நுழைந்தனர். இது 2019 அக்டோபரில்தான் வெளியே அறிவிக்கப்பட்டது. 2024 மே மாதத்தில் ஆய்வாளர்கள் ‘டனல்விஷன்’ என்னும் தாக்குதல் முறையை வெளிப்படுத்தினர். ஒரே வைஃபை வலையமைப்பில் இருக்கும் தாக்குநர், விபிஎன் இயங்கிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டும்போதே, போக்குவரத்தைச் சுரங்கத்துக்கு வெளியே திருப்பிவிட இயலும் என்பது அதன் சாரம். ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் இதற்கு ஆட்படவில்லை. பொது வைஃபையின் ஆபத்தைக் காட்டியே விற்கப்படும் சேவை, அதே பொது வைஃபையில் தளர்வுற இடமுண்டு என்பது நினைவில் கொள்ளத்தக்கது. அந்நிலையிலும் வங்கித்தளத்தின் எச்டிடிபிஎஸ் குறியாக்கமாகிய உள் உறை பிரிவதில்லை என்பது ஆறுதல்.

இந்தியச் சட்டம் கூறுவது

இந்தியாவில் விபிஎன் பயன்படுத்துவதைப் பொதுவாகத் தடைசெய்யும் சட்டம் ஏதுமில்லை. அலுவலகங்கள் தம் ஊழியர் வெளியிலிருந்து பணியாற்ற நெடுங்காலமாக அதைப் பயன்படுத்துகின்றன. எனினும் பாதுகாப்புக் காரணங்களுக்காகக் குறிப்பிட்ட பகுதிகளில், குறிப்பிட்ட காலத்துக்கு மாவட்ட நிர்வாகம் தடை விதிப்பதுண்டு. ஜம்மு காஷ்மீரின் சில மாவட்டங்களில் அத்தகைய ஆணைகள் பிறப்பிக்கப்பட்டுள்ளன. அங்கே பயணம் செய்வோர் நடப்பு ஆணைகளை அறிந்துகொள்ளல் நன்று. விபிஎன் வழியே செய்யப்படும் குற்றம், நேரடியாகச் செய்யும் குற்றத்தினின்று எவ்வகையிலும் வேறுபட்டதன்று.

2022 ஏப்ரல் 28 அன்று இந்தியக் கணினி அவசரகால மீட்புக் குழுவான ‘செர்ட்-இன்’, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின்கீழ் நெறிமுறைகளை வெளியிட்டது. அவற்றின்படி விபிஎன் சேவை வழங்குவோர், சந்தாதாரரின் சரிபார்க்கப்பட்ட பெயர், முகவரி, தொடர்பு எண், மின்னஞ்சல், அவருக்கு ஒதுக்கிய ஐ.பி. முகவரிகள், சேவை பெற்ற காலம், அதன் நோக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும். சந்தா முடிந்த பின்னும் குறைந்தது ஐந்தாண்டுகள் அவற்றைப் பேண வேண்டும். நிறுவனங்கள் தம் ஊழியருக்காக நடத்தும் உள் விபிஎன்களுக்கு இவ்விதி பொருந்தாது என அரசு விளக்கமளித்தது. சந்தாதாரர் விவரங்களைச் சரிபார்ப்பதற்கான காலக்கெடு 2022 செப்டம்பர் 25 வரை நீட்டிக்கப்பட்டது.

இணையக் குற்றங்களைப் புலனாய்வதற்கு இவ்விவரங்கள் இன்றியமையாதவை என்பது அரசின் நிலைப்பாடு. பயனாளரை அடையாளங்காட்டும் பதிவுகளைச் சேமிப்பது தம் சேவையின் அடிப்படைக்கே முரணானது என்பது பல நிறுவனங்களின் நிலைப்பாடு. எக்ஸ்பிரஸ் விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்டு விபிஎன், புரோட்டான் ஆகியவை அவ்வாண்டிலேயே இந்தியாவில் இருந்த தம் சர்வர்களை அகற்றிக்கொண்டன. சில நிறுவனங்கள் ‘இந்தியா’ என்று செயலியில் காட்டும் இணைப்பு, இப்போது சிங்கப்பூர் போன்ற வெளிநாட்டில் உள்ள சர்வரிலிருந்து இந்திய ஐ.பி. முகவரியை வழங்குகிறது.

இதனால் வாடிக்கையாளருக்கு விளையும் பயனைச் சிந்திப்போம். இந்திய விதிகளுக்கு உட்பட்டு இயங்கும் சேவையை வாங்கினால், அவரது விவரங்கள் ஐந்தாண்டுகள் பதிவில் இருக்கும். இந்தியாவில் அலுவலகமோ சர்வரோ இல்லாத சேவையை வாங்கினால், அவர் செலுத்திய பணம் பற்றியோ, கசிந்த தரவு பற்றியோ முறையிட உள்ளூரில் கதவு தேடுவது கடினம். இரண்டிலும் ஒன்றை விட்டே மற்றொன்றைப் பெற வேண்டும். முழு மறைவும் முழுச் சட்டப் பாதுகாப்பும் ஒரே சந்தாவில் கிடைப்பதில்லை.

தனியுரிமை அடிப்படை உரிமை என்பதை 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக உறுதிசெய்தனர். அதைக் கட்டுப்படுத்த வேண்டுமெனில் சட்டத்தின் ஆதாரமும், முறையான நோக்கமும், அந்நோக்கத்துக்கு ஏற்ற அளவும் இருத்தல் வேண்டும் என்பதும் அத்தீர்ப்பில் எழுந்த கோட்பாடு. அவ்வுரிமை விபிஎன் வைத்திருப்போருக்கு மட்டும் உரியதன்று. குடிமக்கள் அனைவருக்கும் உரியது.

வெளிநாட்டில் வாழ்வோர் கவனத்திற்கு

வளைகுடா நாடுகளில் பணியாற்றும் நம் வாடிக்கையாளர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தைத் தனியே அறிந்துகொள்ள வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில், குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ ஐ.பி. முகவரியை மாற்றிப் பயன்படுத்துவது சிறைத்தண்டனைக்கும், 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரையிலான அபராதத்துக்கும் உரிய குற்றமாகும். அங்கே தடைசெய்யப்பட்ட சேவைகளை விபிஎன் வழியே அணுகுவது இடர்மிக்கது. என்ஆர்ஐ கணக்கைக் கையாள இந்திய முகவரி தேவை என்றெண்ணி விபிஎன் பயன்படுத்த வேண்டியதில்லை. வெளிநாட்டு முகவரியை வங்கியில் முறையாகப் பதிவு செய்து, இருக்கும் நாட்டிலிருந்தே நேரடியாக நுழைவதே ஏற்ற வழி.

பணப் பரிவர்த்தனைக்கு விபிஎன் வேண்டுமா?

நேரடியாகக் கூறுவதாயின், வங்கிச் செயலிக்கும் வங்கித்தளத்துக்கும் அது தேவையில்லை. சிலவேளை அது இடையூறாகவும் அமையும். நாக்பூரில் இருக்கும் வாடிக்கையாளர் ஆம்ஸ்டர்டாம் சர்வர் வழியே நுழைந்தால், வங்கியின் மோசடிக் கண்காணிப்பு அமைப்புக்கு அது ஐயத்துக்குரிய நுழைவாகவே தோன்றும். அதே ஐ.பி. முகவரியை அறிமுகமற்ற பலர் பகிர்ந்துகொள்வதால் ஐயம் மேலும் வலுக்கும். கூடுதல் சரிபார்ப்போ, தற்காலிக முடக்கமோ நேரலாம். குறிப்பிட்ட செயலிகளை மட்டும் விபிஎன்னுக்கு வெளியே இயங்கவிடும் வசதி பல சேவைகளில் உண்டு. வங்கிச் செயலியை அப்பட்டியலில் சேர்த்துவிடலாம்.

இதைவிட முக்கியமானது, பணம் எவ்வாறு பறிபோகிறது என்பது. காவல் அதிகாரி எனத் தொலைபேசியில் மிரட்டுவோர், கேஒய்சி காலாவதியானது என்று இணைப்பு அனுப்புவோர், திரையைப் பகிரச் சொல்வோர் ஆகியோரிடம் வாடிக்கையாளர் தம் ஓடிபியைத் தாமே கூறிவிடும்போது எந்த உறையும் காக்காது. போலித் தளத்துக்குச் செல்லும் கடவுச்சொல்லையும் விபிஎன் மிகப் பத்திரமாகவே கொண்டுசேர்க்கும். விபிஎன் வைத்திருக்கிறோம் என்ற துணிவில் எச்சரிக்கை குறையுமானால், அச்சந்தா நன்மையைவிடத் தீமையையே தரும். ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தலின்படி வங்கிகள் 2025இல் ‘டாட் பேங்க் டாட் இன்’ என முடியும் முகவரிக்கு மாறியுள்ளன. அம்முடிவைச் சரிபார்த்தல், கட்டணமில்லாத நல்ல பாதுகாப்பு.

சந்தா கட்டுமுன்

இணைய அந்தரங்கத்தைக் கருதி ஒருவர் கட்டண விபிஎன் வாங்க விரும்பின், அது அவரது உரிமை. கீழ்க்காண்பவற்றைக் கருத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நிறுவனத்தின் உரிமையாளர் யார், எந்நாட்டில் பதிவானது என்பது வெளிப்படையாக இல்லையெனில் விலகிச் செல்லவும். வெளித் தணிக்கை அண்மையில் நடந்ததா, அறிக்கையைப் படிக்கக் கிடைக்கிறதா எனப் பார்க்கவும். ஓபன்விபிஎன், வயர்கார்டு போன்ற, யாவரும் ஆய்ந்து பார்க்கத்தக்க நெறிமுறைகளைப் பயன்படுத்துகிறதா எனக் காணவும். இணைப்பு அறுந்தால் இணையத்தையே நிறுத்திவிடும் வசதியை இயக்கிவைக்கவும். தொடர்புகள், குறுஞ்செய்திகள், அணுகல்தன்மை ஆகிய அனுமதிகளைக் கேட்கும் விபிஎன் செயலியை நிறுவ வேண்டாம். அதன் பணிக்கு அவை தேவையில்லை. குறுஞ்செய்தி அனுமதி தருவது, ஓடிபியைக் கையில் தருவதற்கு ஒப்பாகும்.

பணம் செலுத்துவதிலும் கவனம் வேண்டும். ஈராண்டு, மூவாண்டுச் சந்தாக்கள் மலிவாகத் தோன்றினும், புதுப்பிக்கும்போது விலை பன்மடங்காவதுண்டு. ஐந்தாண்டு நிலைக்கும் என்று உறுதிகூற இயலாத சேவைக்கு வாழ்நாள் சந்தா செலுத்துவது விவேகமன்று. வெளிநாட்டு நாணயத்தில் செலுத்தினால் அட்டையில் கூடுதல் கட்டணம் சேரும். அட்டையின் பன்னாட்டுப் பயன்பாட்டைச் செயலி வழியே தேவையானபோது மட்டும் இயக்கி, வரம்பு நிர்ணயித்து, பின்னர் அணைத்துவிடலாம். சில வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்காமலே பணம் எடுக்கக்கூடியவை ஆதலால் இது இன்றியமையாதது. தானாகப் புதுப்பிக்கும் சந்தாவுக்கு, பணம் எடுக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வங்கி அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அவ்வறிவிப்பைப் படித்து, வேண்டாதபோது அங்கேயே நிறுத்திவிடலாம்.

கணக்கிலிருந்து அனுமதியின்றிப் பணம் சென்றதாகத் தெரிந்தால் உடனே வங்கிக்கும், 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவிக்கவும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, வங்கியிலும் வாடிக்கையாளரிடமும் குறையின்றி மூன்றாம் தரப்பால் நேர்ந்த மோசடியை மூன்று வேலைநாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்புப் பொறுப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலைநாள்களுக்குள் தெரிவித்தால் பொறுப்பு வரம்புக்குட்பட்டது. ஓடிபி முதலியவற்றைத் தாமே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு வாடிக்கையாளரையே சாரும். விபிஎன் இயங்கியதா இல்லையா என்பது இக்கணக்கில் எவ்விடத்தும் வருவதில்லை. எவ்வளவு விரைந்து தெரிவித்தோம் என்பதே வருகிறது.

அந்தரங்கம் காக்கப்பட வேண்டியதே. அதற்காக ஒரு நிறுவனத்துக்குச் சந்தா கட்டுகிறவர், யாரை நம்புகிறோம் என்பதைத் தெரிந்து கட்டட்டும். கணக்கில் உள்ள பணத்தைக் காக்கவோ, பகிராத ஓடிபியும், சரிபார்த்த முகவரியும், தாமதியாத ஒரு தொலைபேசி அழைப்புமே போதும். அவற்றுக்குச் சந்தா ஏதுமில்லை.